கரண்ட் இல்லாமல் ஓடும் பம்ப்: ஏற்காட்டுக்குச் சரி, அழகாபுரத்துக்கு வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டின் கீழறை சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. சுமார் 200 சதுர அடி. காப்பிக்கொட்டை, மிளகு மூட்டை வைக்கிற இடம். மழைக்காலத்தில் சுவரடியிலிருந்து தண்ணீர் ஊறும். மூலையில் இரண்டுக்கு இரண்டடியில், இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்து அரை எச்.பி. மோட்டார் இறக்கியிருக்கிறோம். இடிமழையில் கரண்ட் போனால் ஒன்றரை மணி நேரத்தில் தரையில் நான்கு அங்குலம் தண்ணீர் நிற்கிறது. சுற்றிலும் பாறை, குழாய் பதித்துக் கீழே வடிக்க வழியில்லை. மேட்டில் ஊற்றுத் தண்ணீர் சேரும் 5,000 லிட்டர் தொட்டி இருக்கிறது. கீழறையிலிருந்து 30 மீட்டர் உயரம், குழாய் வழியில் 120 மீட்டர். தண்ணீரின் அழுத்தத்திலேயே ஓடும் பம்ப் வெளிநாட்டில் கிடைப்பதாகப் பார்த்தேன். வாங்கலாமா? சேலம் அழகாபுரத்தில் தம்பி வீட்டின் கார் நிறுத்தும் கீழ்த்தளத்துக்கும் சேர்த்து இரண்டாக வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: ஒன்று போதும். அது ஏற்காட்டுக்கு. தம்பி வீட்டுக்கு வாங்கினால் பணம் வீண். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். இந்தப் பம்பை 'சம்ப் பம்ப்' என்று விற்கிறார்கள். நம் ஊரில் சம்ப் என்றால் குடிதண்ணீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி. அவர்கள் சொல்லும் சம்ப், உங்கள் மூலைக் குழிதான். கடையில் 'சம்ப்புக்குப் பம்ப்' என்று கேட்டால் வேறு எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். 'வடிகுழி' என்று சொல்லிக் கேளுங்கள்.

இதில் மோட்டார் கிடையாது, சுழலும் பாகமும் கிடையாது. அழுத்தமாக வரும் நல்ல தண்ணீர் ஒரு சிறு நாசில் வழியே பீய்ச்சும்போது பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. குழித் தண்ணீர் அதில் உறிஞ்சப்பட்டு, இரண்டும் சேர்ந்து வெளியே போகின்றன. போர்வெல்லில் ஜெட் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கும், சொட்டுநீர்ப் பாசனத்தில் வெஞ்சுரி வைத்து உரம் விடுபவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். அதற்காக உர வெஞ்சுரியையே குழியில் இறக்க வேண்டாம். அது உறிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

உங்கள் குழிக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்பது உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 200 சதுர அடி என்பது 18.6 சதுர மீட்டர். அதில் நான்கு அங்குலம், அதாவது 10 செ.மீ. நின்றால் 1,860 லிட்டர். அதற்கு முன் நிரம்பிய குழி 270 லிட்டர். மொத்தம் 2,130 லிட்டரை 90 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 24 லிட்டர் ஊறுகிறது. மூட்டைகள் அடைத்த இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். சந்தேகம் இருந்தால் நல்ல மழை நாளில் மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழிக்குள் ஒரு ஸ்கேலை நிறுத்துங்கள். 60 செ.மீ.க்கு 60 செ.மீ. குழியில் தண்ணீர் 10 செ.மீ. ஏறினால் 36 லிட்டர். அதற்கு ஒன்றரை நிமிடம் ஆனால் அதே 24 லிட்டர்தான்.

இனி அழுத்தம். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ (சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம்) என்பது பிளம்பர் கணக்கு. உங்கள் தொட்டி 30 மீட்டர் என்றால் குழாய் மூடியிருக்கும்போது 3 கிலோ காட்டும். பெட்டியில் போட்டிருக்கும் திறன் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ., அதாவது 4.2 கிலோவுக்கானது, அந்த அழுத்தத்தில் ஒரு லிட்டர் செலவழித்து இரண்டு லிட்டர் வெளியேற்றும் என்பார்கள். உங்களிடம் அவ்வளவு இல்லை. 3 மீட்டர் ஏற்றத்துக்கு, ஒரு லிட்டர் செலவுக்கு ஒன்றேகால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 25 லிட்டர் செலவழித்தால் குழியிலிருந்து 30 லிட்டர் போகும். ஊறும் 24 லிட்டருக்கு இது போதும், அதிகமாக மிஞ்சாது.

இந்தக் கணக்கைக் கெடுப்பது குழாயின் அளவு. 25 மி.மீ. எச்.டி.பி.இ. (கறுப்பு பிளாஸ்டிக்) குழாயில் நிமிடத்துக்கு 25 லிட்டர் ஓடினால், 120 மீட்டரில் 12 மீட்டருக்கும் மேல் உரசலிலேயே போய்விடும். 3 கிலோ என்று நம்பியது ஒன்றேமுக்கால் கிலோவாக வந்து சேரும். 32 மி.மீ. போட்டால் இழப்பு 4 மீட்டர்தான். ஆகவே வீட்டுக்கு ஏற்கெனவே வரும் குழாயில் டீ போட்டுப் பிரிக்க வேண்டாம். தொட்டியிலிருந்து தனியாக ஒரு 32 மி.மீ. குழாய், 6 கிலோ தாங்கும் ரகம், நடுவில் எங்கும் கிளை இல்லாமல் இழுங்கள்.

கிளை கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதுதான் பெரியது. இந்தப் பம்ப் நல்ல தண்ணீர்க் குழாயை அழுக்குத் தண்ணீருக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. மேலே வால்வை மூடிவிட்டுக் கீழ்த் தோட்டத்தில் யாராவது ஒரு குழாயைத் திறந்தால், இறங்கும் தண்ணீர் குழியிலிருந்து அழுக்கை இழுத்து, சமையலறைக்குப் போகும் அதே குழாயில் விட்டுவிடலாம். 'ஒரு என்.ஆர்.வி. போட்டால் போதும் சார்' என்று பிளம்பர் சொல்வார். அது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு. ஆனால் ஒரு மணல்துகள் மாட்டினால் என்.ஆர்.வி. மூடாது. தனிக் குழாய் என்றால் அழுக்கு 30 மீட்டர் ஏறித்தான் தொட்டிக்குப் போகவேண்டும், போகாது. அதன்மேல் என்.ஆர்.வி.யும் போடுங்கள், இரண்டாவது காவலாக.

தொட்டியில் துளை எடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். வீட்டுக் குழாய் அடியில் இருக்கட்டும். பம்ப் குழாயை, கீழே 1,000 லிட்டர் மிஞ்சும் உயரத்தில் எடுங்கள். விடிய விடிய பம்ப் ஓடினாலும் காலையில் காப்பி போடத் தண்ணீர் இருக்கும். அடிமண்டியும் நாசிலுக்கு வராது. மீதி 4,000 லிட்டர், இடைவிடாமல் ஓடினால் 160 நிமிடம். குழி நிரம்பும்போது மட்டும் ஓடுவதால் மூன்றேகால் மணி நேரம் தாங்கும். தவிர, ஊற்று பெருகும் மாதங்களில்தான் உங்கள் சுவரும் ஊறுகிறது. அந்த நாட்களில் தொட்டி காலியாகக் காலியாக நிரம்பிக்கொண்டிருக்கும். மலையில் இந்த ஏற்பாடு பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்கும்போது குழிக்குள்ளேயே மூழ்கி நிற்கும் ரகம் கேளுங்கள். மேலே உத்தரத்தில் மாட்டும் ரகமும் உண்டு. ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, உறிஞ்சும் ஆழமும் கூடவே குறையும். அமெரிக்கச் சரக்கில் மரை வேறு. அவர்களுடையது என்.பி.டி., நம்முடையது பி.எஸ்.பி. முக்கால் அங்குலத்தில் இரண்டும் அங்குலத்துக்கு 14 மரைதான் என்பதால் ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் வேறு, சொட்டிக்கொண்டே இருக்கும். டெஃப்ளான் டேப் எவ்வளவு சுற்றினாலும் நிற்காது. ஒன்றரை அங்குலத்தில் ஒழுங்காக ஏறவும் ஏறாது. மரை மாற்றும் அடாப்டரையும் சேர்த்தே வரவழையுங்கள். வெளியேற்றும் குழாய்க்கு விவசாயப் பைப் 50 மி.மீ. வாங்கினால் அவர்கள் சாக்கெட்டில் நுழையாது. 'ஷெட்யூல் 40' யு.பி.வி.சி. ஒன்றரை அங்குலம் கேளுங்கள், வெளிவிட்டம் 48.3 மி.மீ., சரியாக உட்காரும்.

பொருத்தும் வரிசை இதுதான். தொட்டியடியில் ஒரு பால் வால்வு. குழாயை 45 செ.மீ. ஆழத்தில் புதைத்துக் கொண்டுவாருங்கள். மேலே கிடந்தால் காட்டுமாடு மிதிக்கும். வழியில் மேடு ஏறி இறங்காமல் ஒரே இறக்கமாக வரட்டும். முடியாத இடத்தில், மேட்டின் உச்சியில் ஒரு ஏர் வால்வு வையுங்கள், இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளும். கீழறைக்கு வந்ததும் பால் வால்வு, ஒய் ஸ்ட்ரெய்னர் (மண், கல்லைப் பிடிக்கும் வடிகட்டி), பிரஷர் கேஜ், என்.ஆர்.வி., யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), பிறகு பம்ப். நாசிலின் வாய் 5 மி.மீ. அளவுதான் இருக்கும். செம்மண்ணோடு வரும் ஒரு சரளைக்கல் போதும் அதை அடைக்க. ஸ்ட்ரெய்னரை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

மிதவையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. மேல்நிலைத் தொட்டியில் போடும் மிதவை வால்வு, தண்ணீர் ஏறினால் மூடும். இங்கே ஏறினால் திறக்கவேண்டும். பெட்டியோடு வரும் மிதவையைத்தான் போடவேண்டும். மோட்டார் 35 செ.மீ.யில் ஓடத் தொடங்கினால், இது 50 செ.மீ.யில் திறக்கட்டும்; கரண்ட் இருக்கும்வரை இதற்கு வேலை வராது. இரண்டின் மிதவைகளும் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கவேண்டும். வெளியேற்றும் குழாயையும் மோட்டார் குழாயோடு சேர்க்காமல் தனியாகவே கொண்டுபோய், சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி விடுங்கள். தாங்குசுவருக்குப் பின்னால் விட்டால் அதே தண்ணீர் சுற்றிக்கொண்டு மறுபடி அறைக்கே வரும்.

வால்வு பாதி மட்டும் திறந்தாலோ, மேலே யாராவது அரைகுறையாக மூடியிருந்தாலோ அழுத்தம் விழுந்துவிடும். அப்போது பீய்ச்சும் தண்ணீருக்கு மேலே ஏறப் பலம் இருக்காது, குழியிலேயே கொட்டும். காலி செய்ய வைத்த பம்ப் குழியை நிரப்பும்.

தம்பி வீட்டுக்கு வேண்டாம் என்பதும் இதனால்தான். மாநகராட்சித் தண்ணீர் முறைவைத்து வருகிறது. அது சம்ப்பில் விழுந்ததும் அழுத்தம் முடிந்தது. மாடித் தொட்டி கீழ்த்தளத்திலிருந்து 12 மீட்டர் என்றாலும் ஒன்றேகால் கிலோவைத் தாண்டாது. பூஸ்டர் வைக்கலாம் என்றால் அதற்கும் கரண்ட் வேண்டும். அவருக்கு இன்வெர்ட்டர்தான் வழி. அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது 550 வாட் எடுத்தாலும், கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். 1,500 வி.ஏ.க்குக் குறையாமல் வாங்கி, 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி வைத்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓடும். விட்டுவிட்டு ஓடினால் கூடுதலாகவே கிடைக்கும்.

உங்கள் பம்பை மாதம் ஒருமுறை சோதியுங்கள். மோட்டார் சுவிட்சை அணைத்து, மிதவை திறக்கும்வரை குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். ஓடும்போது கேஜில் இரண்டரை கிலோ நிற்கவேண்டும். நிற்காவிட்டால் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவுங்கள். உறிஞ்சும் வலையில் சில்வர் ஓக் இலை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நின்ற பிறகும் குழாயில் மெல்லிய இரைச்சல் கேட்டால் மிதவை வால்வு கசிகிறது; இரவோடு இரவாகத் தொட்டி இறங்கிவிடும். கோடையில் தண்ணீர் மிச்சம் பிடிக்கத் தோட்டத்தில் வேலை செய்பவர் மேல் வால்வை மூடிவிட்டுப் போவது சகஜம். அதில் ஒரு தகரத் துண்டைக் கம்பியால் கட்டி, 'மூடாதே, கீழறைப் பம்ப்' என்று பெயிண்டில் எழுதி வையுங்கள்.