ஏறின உயரத்தை ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்?

கேள்வி: எவரெஸ்ட் போகும் குழுக்கள் அடிவார முகாமிலேயே வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்களாம். மேலே போனாலும் திரும்ப இறங்கி வந்துவிடுகிறார்களாம். எதற்கு இந்த வீண் வேலை?
– வாசகர், திருமங்கலம்

ஆள்தான் உட்கார்ந்திருக்கிறார், உடம்பு வேலை செய்துகொண்டிருக்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரம்; அந்த முகாம் 5,364 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறையப் பாதி என்பதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜனும் பாதி. உடனே மூச்சு வேகமெடுக்கும். அதனால் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை கூடும். தூக்கத்தில் மூச்சு சில விநாடி நின்று, திணறி எழுந்திருப்பது இதனால்தான். சிறுநீரகம் காரப்பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றி இதைச் சரிக்கட்டச் சில நாள் ஆகும். சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்காகும்.

எனவே 3,000 மீட்டருக்கு மேல் இரவுத் தங்கலை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. விமானம் இறங்கும் மலையூரான லுக்லாவிலிருந்து நடக்கிறவர்கள் நாம்சே பஜாரிலும் (3,440 மீ) திங்போச்சேயிலும் (4,410 மீ) இரண்டிரண்டு இரவு தங்குவது இந்தக் கணக்கில்தான். முகாம் போட்ட பிறகு 6,000 மீட்டரை ஒட்டிய முதல் முகாமுக்கு ஏறி இறங்குவார்கள். அடுத்த சுற்றில் 6,400, அதன்பின் 7,200 வரை தொட்டுவிட்டு வருவார்கள். இறங்காமல் அங்கேயே இருந்தால் பழகிவிடாதா என்றால், பழகாது. 5,500 மீட்டருக்கு மேல் நாள்பட இருந்தால் பசி செத்துப்போகும், தசை கரையும், சின்னக் கீறல்கூட ஆறாது.

கேள்வி: அசிட்டசோலமைடு மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். தலைவலி வந்தால் போட்டுக்கொண்டு ஏறலாமா?
– வாசகர், அலங்காநல்லூர்

கூடாது. அது உயரத்தால் வரும் மலைநோயைத் தடுக்க முன்கூட்டியே போடுகிற மாத்திரை. வழக்கமான அளவு 125 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஏறத் தொடங்குவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். கோலி சோடா குடித்தாலும் சப்பென்றிருக்கும்! பயப்பட வேண்டாம்.

தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்று அதே உயரத்தில் தங்குங்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். ஒரு சோதனை: குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்பு, இருமல், இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரலில் நீர். இரண்டுக்கும் விடியும்வரை காத்திராமல் அப்போதே இறக்க வேண்டும். ஆக்ஸிஜனும் டெக்ஸாமெத்தசோன், நிபெடிபின் மருந்துகளும் இறக்குவதற்கு அவகாசம் தரும், அவ்வளவுதான். "எனக்கு ஒண்ணுமில்லை" என்று நோயாளி சொல்வதை நம்பித் தனியே அனுப்பாதீர்கள்.

கேள்வி: அங்கே சோறு, பருப்பு வேகுமா? தண்ணீர்?
– வாசகி, மேலூர்

அடிவார முகாமில் தண்ணீர் 82, 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு நாள் முழுக்கக் கிடந்தாலும் கல்லாகவே இருக்கும். குக்கர் இருந்தால் 110 டிகிரியைத் தாண்டும், ஆனால் நம் வீட்டைவிடக் கூடுதல் விசில் விட வேண்டும். அதற்கும் மேலுள்ள முகாம்களுக்கு அவலை மிஞ்ச ஒன்றில்லை என்பது எங்கள் கட்சி: எடை குறைவு, வெந்நீர் ஊற்றினால் போதும்.

மேலே குடிதண்ணீருக்குப் பனியைத்தான் உருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு நாளைக்கு 3, 4 லிட்டர் என்பதால் பாதி நாள் அடுப்போடு போகும். காய்ந்த பாத்திரத்தில் பனியை அள்ளிப் போட்டால், அடியில் உருகும் நீரை மேலே உள்ள பனி உறிஞ்சிக்கொள்ள, அடி தீய்ந்து நாறும். ஒரு தம்ளர் தண்ணீரை முதலில் ஊற்றிக்கொள்ளுங்கள். வெறும் பியூட்டேன் கேஸ் உறைநிலைக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்ததே வேண்டும். கூடாரத்தை இழுத்து மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்தாலும் முதலில் வருவது தலைவலியும் குமட்டலும்தான். மலைநோய் என்று நினைத்து அங்கேயே படுத்தால் உயிர் போய்விடும்.

கேள்வி: கொடைக்கானலில் பத்து நாள் தங்கிப் பழகிக்கொண்டால் போதுமா?
– மாணவர், திருப்பரங்குன்றம்

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். உயரத்தின் தொந்தரவு பெரும்பாலும் 2,500-க்கு மேல்தான் தொடங்கும். கிடைக்கிற கொஞ்சப் பழக்கமும் இறங்கிய சில வாரத்தில் போய்விடும். அந்தக் காசை அடிப்படை மலையேற்றப் பயிற்சிக்குக் கட்டுங்கள். உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் நடத்துகிறார்கள்.

கால் பலத்துக்கு ஊரிலேயே வழி இருக்கிறது. 15 கிலோ வரும்படி தண்ணீர் பாட்டில்களை முதுகுப்பையில் அடைத்து, அழகர்கோவிலிலிருந்து ராக்காயி அம்மன் கோவில்வரை ஏறுங்கள். மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பாட்டில்களோடு இறங்குங்கள், முழங்கால் தப்பிக்கும். 5 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றிரண்டு கிலோ கூட்டினால் போதும்.