ஸ்வீடிஷில் ‘ஹால்வ் த்ரே’ என்றால் மணி இரண்டரையா, மூன்றரையா?

இரண்டரைதான். தமிழில் கடந்த மணியோடு அரையைச் சேர்க்கிறோம். ஸ்வீடிஷில் வரப்போகும் மணியைச் சொல்கிறார்கள், அதாவது மூன்றை நோக்கிப் பாதி வழி. ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஹாஃப் த்ரீ’, அதாவது மூன்றரை என்று எடுத்துக்கொள்பவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேருவார்கள். அங்கே ஐந்து நிமிடத் தாமதமே மரியாதைக் குறைவு.

உண்மையில் குழப்புவது அரையை ஒட்டிய நிமிடங்கள். 2.25 என்பது ‘ஃபெம் ஈ ஹால்வ் த்ரே’, அரைக்கு ஐந்து முன். 2.35 என்பது ‘ஃபெம் ஓவெர் ஹால்வ் த்ரே’. ‘ஈ’ என்றால் முன், ‘ஓவெர்’ என்றால் பின். இந்த இரண்டும் காதில் பதிந்தால் போதும். கால்மணி எளிது: 2.15க்கு ‘க்வார்ட் ஓவெர் த்வோ’, 2.45க்கு ‘க்வார்ட் ஈ த்ரே’.

‘எத்’ என்றால் ஒன்று; எனவே ‘ஹால்வ் எத்’ 12.30, கவனம். சந்தேகம் வந்தால் 14.30 என்று 24 மணிக் கணக்கில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். பயணச்சீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.