ரைஃபிளைப் பையின் மேல் வைத்துச் சுட்டால் குண்டு ஏன் மேலே போகிறது?

ரைஃபிளின் குழலைப் பையின் மேல் சாய்க்காமல், இடக்கை பிடிக்கும் முன்கட்டையை மட்டும் வையுங்கள். மேசையில் வைத்துச் சுட்டால் குறியில் சரியாகப் படும் குண்டு, மலைச்சரிவில் முதுகுப்பையின் மேல் வைத்துச் சுட்டால் 100 மீட்டரில் மேலே ஏறிவிடுகிறது என்ற உங்கள் சிக்கல் பெரும்பாலும் அதிலேயே தீரும்.

சுடும் நொடியில் குழல் அதிர்வதால், அதைத் தொடும் பொருள் அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். பையின் அலுமினியச் சட்டம் அடியில் இருந்தால் இன்னும் மோசம். நான் எப்போதும் ஒரு கம்பளிச் சட்டையை மடித்து அதன் மேல் போட்டுவிடுவேன்.

தோட்டா அறையைக் காலி செய்துவிட்டு, குழலுக்கும் பைக்கும் இடையே ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் தடையின்றி நகர்ந்தால், சுடுதளத்தில் அதே பையில் வைத்து மூன்று முறை சுட்டு ஒப்பிடலாம்.

ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), குழலுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மேலே இருப்பதால், கண்ணுக்குப் பாதை தெளிவாகத் தெரிந்தாலும் பையின் வாரோ பாறை விளிம்போ குழல்வாயை மறைத்திருக்கலாம்.