பால்வாடிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 10 மாதம். எங்கள் தெருவிலேயே அங்கன்வாடி இருக்கிறது. அங்கே சேர்க்க எனக்கு ஆசை. மாமியாரோ, "வசதி இல்லாதவங்க பிள்ளைங்கதான் பால்வாடிக்குப் போகும், நம்ம பிள்ளையை நர்சரியில போடு" என்கிறார். நர்சரியில் வருஷத்துக்கு 32,000 ரூபாய் கேட்கிறார்கள். கணவரின் பனியன் கம்பெனி சம்பளத்தில், கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். குழந்தைக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லை. அங்கன்வாடியில் எழுதச் சொல்லித் தர மாட்டார்கள் என்கிறார்கள், அதுவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு, கடன் வாங்காதீர்கள். முதலில் ஒரு நாள் காலையில் அந்த அங்கன்வாடிக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

அங்கன்வாடி ஏழைகளுக்கு மட்டும் என்று எந்த விதியும் இல்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது பின்தங்கிய பகுதிகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அப்போதிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 2001-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சேவை எல்லாக் குடியிருப்புகளுக்கும், ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எதையும் காட்டி உள்ளே போக வேண்டியதில்லை. யாரிடமும் சலுகை கேட்கப் போகவில்லை நீங்கள். உங்கள் மகளுக்கு உரியதைப் பெறப் போகிறீர்கள்.

ஆதார் பற்றிய பயமும் வேண்டாம். அது இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பலனை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இலேயே சொல்லியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, உங்களுடைய ஆதார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு டீச்சரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2 வயது முடிந்த குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இனி எழுத்து விஷயம். இதில்தான் நிறைய அம்மாக்கள் தடுமாறுகிறார்கள். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள்கூட முழுதாக உருவாகியிருக்காது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு வரி நோட்டில் எழுத வைப்பது படிப்பே இல்லை. களிமண் பிசைவது, மணி கோப்பது, புளியங்கொட்டையையும் பட்டாணியையும் பிரித்து வைப்பது, இதெல்லாம்தான் அந்த வயதில் எழுத்துக்கு அடித்தளம். அங்கன்வாடிகளுக்கென்று 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே இருக்கிறது. பேச்சும் பாட்டும் கதையும் விளையாட்டும் சேர்ந்தது அது. என் மகனும் அங்கன்வாடிக்குப் போனவன்தான். முதல் வாரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, ஆயாம்மா உரித்துக் கொடுத்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அழுத இன்னொரு பொடியனிடம் "உனக்கும் வரும், அழாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இதை எந்த நோட்டில் எழுதிப் பழக முடியும்?

அதற்காக எல்லா மையமும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் சாப்பாடு போட்டுத் தூங்க வைப்பதோடு சரி. அதனால்தான் உட்கார்ந்து பாருங்கள் என்கிறேன். டீச்சர் குழந்தைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? விளையாட்டுப் பொருள்கள் தரையில் இருக்கின்றனவா, பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? குறை தெரிந்தால் முதலில் டீச்சரிடமே பேசுங்கள். கணக்கெடுப்பு, பதிவேடு, செல்போனில் பதிவு என்று அவர் தலையில் ஏகப்பட்ட வேலை இருக்கும். அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்து அக்கறையாகக் கேட்டால் பல விஷயம் மாறும். மாறாவிட்டால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

சேர்த்த பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கூடவே ஒரு மணி நேரம் இருங்கள். அப்புறம் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குழந்தை வேடிக்கை பார்க்கும் நேரத்தில் நழுவி வராதீர்கள். "சாப்பிட்டதும் அம்மா வருவேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். அழுதாலும் சரி, சொல்லிவிட்டே கிளம்புங்கள்.

மாமியாரிடம் வாதம் பண்ண வேண்டாம். அங்கே மாதா மாதம் எடை பார்ப்பார்கள். அன்றைக்குப் பேத்தியை அவரையே கூட்டிப் போகச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு ஏறக்குறைய 14 கிலோ என்பது உலக சுகாதார நிறுவன அட்டவணையின் நடு அளவு. உங்கள் மகள் எங்கே நிற்கிறாள் என்பதை டீச்சர் அட்டையில் குறித்துக் காட்டட்டும். வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு என்பதையும் அங்கேயே அவர் கண்ணால் பார்க்கட்டும். அந்த 32,000 ரூபாயை மாதா மாதம் கொஞ்சமாகப் பிள்ளை பேரில் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கில் போடலாம் என்று நீங்கள் அன்று ராத்திரி பேச்சைத் தொடங்குங்கள்.