சேஜ் செடிக்குத் துளசிப் பக்குவம் வேண்டாம்

சேஜ், இலையைச் சமையலில் வாசனைக்குச் சேர்க்கும் மூலிகைச் செடி. அதை வீட்டுக்குள் தொட்டியில் வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

நர்சரியில் வாங்கி வந்த சேஜ் மூன்றே வாரத்தில் தலை தொங்கிவிட்டது. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். வாடியதைப் பார்த்து மாலையிலும் ஊற்றினேன். இப்போது அடி இலையெல்லாம் கருத்துவிட்டது. எங்கே குறை வைத்தேன்?
— வாசகி, வேளச்சேரி

குறை வைக்கவில்லை, அதிகமாகக் கவனித்துவிட்டீர்கள். சேஜும் துளசியும் ஒரே குடும்பம்தான். ஆனால் துளசி தினசரித் தண்ணீருக்குப் பழகியது. சேஜ் மத்தியதரைக்கடல் ஓரத்துச் சுண்ணாம்புக் கல் சரிவுகளில், கோடை முழுக்க மழையே இல்லாமல் நிற்கிற செடி. அதன் வேருக்குத் தண்ணீரைவிடக் காற்று முக்கியம். மண் ஓயாமல் ஈரமாக இருந்தால் வேர் மூச்சுத்திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடும். வாட்டத்தைத் தாகம் என்று நினைத்து இன்னொரு மக் ஊற்றுவோம். பெரும்பாலான சேஜ் செடிகள் சாவது இப்படித்தான்.

செடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, இழுத்தால் தாங்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். விரலால் உருவினால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், சாக்கடை வாடையும் வரும். பாதிக்கு மேல் இப்படி இருந்தால் செடியைக் காப்பாற்றப் போராடாதீர்கள். நுனியில் பச்சையாக நிற்கும் கிளைகளை 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் விடும். கார்த்திகை, மார்கழிக் குளிரில் வைத்தால் பிழைப்பவை அதிகம். சித்திரையில் வைப்பது வீண்.

அடுத்த செடிக்கு 8 அங்குல மண்தொட்டி போதும். பிளாஸ்டிக்கோ பீங்கானோ வேண்டாம். மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். கலவை: செம்மண் இரண்டு பங்கு, கொரகொரப்பான ஆற்று மணல் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. எம்-சாண்ட்தான் கிடைக்கிறது என்றால் நாலைந்து முறை அலசி, மாவு போன்ற தூளைப் போக்கிவிட்டுச் சேருங்கள். அந்தத் தூள் மண்ணை இறுக்கிவிடும். தென்னைநார்த் தூளைத் தவிருங்கள். மாடித் தோட்டக் கத்தரிக்கு அது வரம், சேஜுக்குப் பகை. நர்சரிச் செடிகள் பெரும்பாலும் அந்த நார்க்கட்டியோடுதான் வரும். அப்படியே நட்டால், சுற்றி மண் காய்ந்திருந்தாலும் நடுவில் அந்தக் கட்டி மட்டும் ஊறிக்கொண்டே கிடக்கும். நடும்போது வேர் அறுபடாமல் முடிந்தவரை உதிர்த்துவிடுங்கள். தொட்டி அடியில் ஜல்லி பரப்புவதால் தண்ணீர் வேகமாக வடியாது. ஜல்லிக்கு மேலே மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும். ஓட்டை மேல் ஓர் ஓட்டுச்சில்லு வைத்தால் போதும்.

தண்ணீருக்குக் கிழமை கணக்கு வைக்காதீர்கள். ஊற்றி வடிந்தபின் தொட்டியைக் கையால் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம் கைக்குப் பழகட்டும். இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டால் மண் ஒட்டாமல் வர வேண்டும், தொட்டியும் இலேசாகியிருக்க வேண்டும். அப்போது அடியில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மே மாதத்தில் இது இரண்டு நாளுக்கு ஒருமுறை வரலாம். ஐப்பசி மழையில் பத்து நாள் ஆனாலும் ஆச்சரியமில்லை.

தெற்கு ஜன்னலில் வை என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். வைத்தேன். தண்டு நீண்டு, இலை சிறுத்து, சாய்ந்துவிட்டது.
— வாசகர், அம்பத்தூர்

அவர்கள் ஊருக்கு அது சரி. லண்டனில் ஆண்டு முழுக்கச் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த நான்கு மாதமும் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் அநேகமாக விழாது, சன்ஷேடு இருந்தால் கேட்கவே வேண்டாம். புரட்டாசியிலிருந்து பங்குனிவரை தெற்கு ஜன்னல் நல்லது. மற்ற நாளில் கிழக்கு ஜன்னல். மேற்கு ஜன்னல் மாலை வெயிலில் கண்ணாடி சூடேறும். கோடையில் இலை நுனி பொசுங்கும்.

கொசுவலையையும் கணக்கில் எடுங்கள். தூசி படிந்த வலை நம் கண்ணுக்குத் தெரியாமல் நிறைய வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஒரு சோதனை: காலை பத்து மணிக்குத் தொட்டி இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் நிழல் விழுந்தால் அந்த இடம் சரி. மங்கலான திட்டாக விழுந்தால் சேஜுக்குப் போதாது. சேஜுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் தேவை. அது கிடைக்காவிட்டால் வளர்ப்பு விளக்குதான் வழி. எல்இடி விளக்கைச் செடிக்கு மேல் ஓர் அடிக்குள் தொங்கவிட்டு, 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். நீண்டுபோன தண்டு திரும்பக் குட்டையாகாது. இலையுள்ள கணுவுக்கு மேலே வெட்டிவிட்டு, இடத்தை மாற்றுங்கள்.

சால்வியா என்று கேட்டு வாங்கினேன். சிவப்பாகப் பூத்துத் தள்ளுகிறது, இலையில் வாசனையே இல்லை.
— வாசகி, திருச்சி

சால்வியா என்பது சேஜும் அடங்கிய ஒரு பெரிய செடியினத்தின் பெயர். உங்களுக்குக் கிடைத்தது அழகுக்கு வைக்கும் சிவப்புச் சால்வியா. சமையலுக்கு ஆகாது. சமையல் சேஜின் இலை சாம்பல் பச்சையாக, நீள்வட்டமாக, தொட்டால் வெல்வெட் போல இருக்கும். கசக்கினால் கற்பூரமும் மிளகும் கலந்த நெடி வரும். இன்னொன்று: ஆங்கிலத்தில் உன்னிச்செடிக்கும் ‘வைல்ட் சேஜ்’ என்று ஒரு பெயர் உண்டு. அது நச்சு, மாடுகூடத் தின்னக்கூடாது. பெயரை நம்பாதீர்கள், இலையை முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

இலை மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சாம்பல் நோயா?
— வாசகர், கோவை

ஈர விரலால் தேயுங்கள். போகவில்லை என்றால் அது இலையின் இயற்கையான ரோமம், விட்டுவிடுங்கள். மாவு போல விரலில் ஒட்டி, அந்த இடம் பச்சையாகத் தெரிந்தால் சாம்பல் நோய். பாதித்த இலைகளைக் கிள்ளி எறிந்து, நெருக்கமான கிளைகளைக் கழித்து, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். இலைக்காம்பு இடுக்கில் பஞ்சுத் துணுக்கு போல இருந்தால் மாவுப்பூச்சி. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தொட்டெடுத்தால் அடங்கும்.

ஏசி அறையில் இருக்கும் செடிக்கு வருவது பெரும்பாலும் சிலந்திப்பேன். இலை மேலே ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகள் தெரியும். வெள்ளைத்தாளுக்கு மேல் கிளையைத் தட்டினால் மிளகாய்ப்பொடித் துகள் போல விழுந்து நகரும். குழாயடியில் இலையின் அடிப்பக்கத்தை நன்றாக அலசுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். ஒரே தடவையோடு விட்டால் முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் கிளம்பிவிடும். அதிலும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் சாய்ந்தபின் தெளியுங்கள்.

டீத்தூள் சக்கை, பஞ்சகவ்யம் எல்லாம் போடலாமா?
— வாசகி, மதுரை

சக்கை வேண்டாம். ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொசு போன்ற சின்ன ஈக்களை வளர்க்கும். பஞ்சகவ்யம் அடிக்கடி வேண்டாம். ஊட்டம் கூடினால் இலை பெருக்கும், வாசனை குறையும். இரண்டு மாதத்துக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். உரத்தைவிட உங்கள் தண்ணீரைக் கவனியுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்து, இலை ஓரம் காய்ந்தால் போர் தண்ணீரின் உப்பு. மாதம் ஒருமுறை மழைநீரையோ ஆர்ஓ குடிநீரையோ நிறைய ஊற்றி வடியவிடுங்கள். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கனடாவில் இருக்கிறோம். பனிக்காலத்தில் சேஜ் தொட்டியை உள்ளே எடுக்க வேண்டுமா?
— வாசகர், ஸ்கார்பரோ

தரையில் நட்ட சேஜ் உங்கள் ஊர்க் குளிரைப் பெரும்பாலும் தாங்கும். தொட்டியில் வேரைச் சுற்றி மண் குறைவு, அதனால் உறைந்துவிடும், உள்ளே எடுங்கள். எடுக்கும் முன் இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி பாருங்கள். ஹீட்டர் ஓரம் ஆகாது, 10 முதல் 15 டிகிரி இருக்கும் குளிரான அறை உத்தமம். டிசம்பரில் உங்களுக்குப் பகலே ஒன்பது மணி நேரம்தான், ஆகவே விளக்கு வேண்டும். தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். வசந்தத்தில் வெளியே வைக்கும்போது முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரத்தில் பழக்குங்கள்.

சேஜ் டீ தினமும் குடிக்கலாமா?
— வாசகி, சேலம்

சமையலில் நாலு இலை போடுவதில் பயமில்லை. நெய்யில் பொரித்து உருளைக்கிழங்கு வறுவலில் போட்டுப் பாருங்கள். டீயாகத் தினமும் வேண்டாம். இலையில் துஜோன் என்ற பொருள் இருக்கிறது. அளவு கூடினால் வலிப்பைத் தூண்டும். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஆகாது, பால் சுரப்பைக் குறைக்கும் என்பார்கள்.

மூன்று வருடச் செடி. அடியெல்லாம் கட்டையாகி, நுனியில் மட்டும் இலை. ஒட்ட வெட்டினால் துளிர்க்குமா?
— வாசகர், ஒசூர்

துளிர்க்காது. இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் அந்தக் கிளை அப்படியே காய்ந்துவிடும். பச்சை இலை இருக்கும் இடத்துக்கு மேலே மட்டும், ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் கவாத்து செய்யுங்கள். மூன்று, நான்கு வருடத்தில் சேஜ் கிழடு தட்டுவது இயல்பு. அதற்குள் பதியன் போட்டுவிடுங்கள். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மண்ணில் படும் இடத்தில் தோலை இலேசாகச் சுரண்டி, பக்கத்துத் தொட்டியில் ஓர் அங்குலம் புதைத்து, வளைத்த கம்பியால் குத்தி நிறுத்துங்கள். அந்த இடத்தில் மட்டும் மண் இலேசான ஈரத்தோடு இருக்கட்டும். ஆறேழு வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டு நின்றால் தாய்ச்செடியிலிருந்து அறுத்துவிடலாம்.