எந்த பாப்பி என்று முதலில் பாருங்கள்: வாசகர் கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பலவற்றில் வெறும் 'பாப்பி' என்றுதான் இருக்கிறது. பாப்பி என்பது கசகசாச் செடியும் அடங்கிய பூச்செடிக் குடும்பம். அதில் ஒரு பாப்பி இருமலுக்கு ஆகும், இன்னொன்றை வளர்த்தாலே வழக்கு வரும். அதனால் ஒவ்வொரு பதிலிலும் செடியை அடையாளம் சொல்லியே தொடங்குகிறேன்.

நாற்றுத் தட்டில் சிவப்பு பாப்பி நன்றாக முளைத்தது. தொட்டிக்கு மாற்றியதும் ஒவ்வொன்றாக வாடிவிட்டது. ஏன்?

மாற்றி நட்டதுதான் காரணம். வயல்வெளிகளில் பூக்கும் இந்தச் சிவப்பு பாப்பிக்கு ஆணிவேர். சின்ன நாற்றாக இருக்கும்போதே வேர் நேராகக் கீழே இறங்கிவிடும். பிடுங்கினால் நுனி அறுந்து செடி தேறாது. பூக்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். விதை தூள் மாதிரி இருப்பதால் உலர்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. மேலே மண் போட்டு மூட வேண்டாம், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். உள்ளங்கையால் லேசாக அழுத்தி, தண்ணீரை ஊற்றாமல் தெளித்துவிடுங்கள். குளிர்ச்சியான பருவம் நல்லது. 15 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் பச்சை தெரியும்.

அப்புறம் தயங்காமல் கலைத்துவிட வேண்டும். செடிக்குச் செடி 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். வேண்டாத நாற்றைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் தரையோடு நறுக்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையாது. உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும். மொட்டு தலை கவிழ்ந்து தொங்குவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று பலர் ஊற்றிவிடுகிறார்கள். அது அதன் இயல்பு. விரியும் நேரத்தில் காம்பு தானே நிமிரும், ரோமம் அடர்ந்த இரண்டு புறவிதழ்களும் உதிரும், உள்ளிருந்து கசங்கிய பட்டுத் துணி போல இதழ்கள் வெளிவந்து மெல்ல மெல்லச் சுருக்கம் நீங்கும். காலையில் போய் நின்று பாருங்கள்.

அதே சிவப்பு பாப்பியின் இதழ் இருமலுக்கு நல்லதா?

ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இதழைப் பாகாகக் காய்ச்சி இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் கொடுத்து வந்தார்கள். பாகுக்கு நல்ல சிவப்பு நிறம் வருவதும் அதற்கு ஒரு காரணம். அபினில் இருக்கும் போதைப் பொருளான மார்ஃபின் இதில் கிடையாது, குணமும் மிதமானதுதான். இதழோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: இலையையும் காயையும் நிறையத் தின்றவர்களுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் வந்த மருத்துவப் பதிவுகள் உண்டு. குழந்தைகளுக்கு வேண்டாம்.

கடையில் வாங்கிய கசகசாவை விதைத்தால் முளைக்குமா?

வறுக்காத விதையாக இருந்தால் முளைக்கலாம். ஆனால் விதைக்காதீர்கள். கசகசா, அபின் செடியின் விதை. உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பது பல நாடுகளில் குற்றம். சிங்கப்பூரில் கசகசாவைக் கொண்டுபோவதற்கே தடை இருக்கிறது. அழகுக்கென்று விற்கும் விதைப் பொட்டலத்திலும் சில சமயம் இது வந்துவிடும். சிவப்பு பாப்பியின் இலை கிழிந்த மாதிரி, ரோமத்தோடு இருக்கும். அபின் செடியின் இலையோ நீலம் பாய்ந்த சாம்பல் பச்சை, வழுவழுப்பு, அடிப்பகுதி தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும்.

காயைக் கீறினால் வரும் பாலில்தான் மார்ஃபினும் கோடீனும் இருக்கின்றன. விதைக்குள் அவை மிகக் குறைவு, ஆனால் கழுவாத விதையின் மேல் அந்தப் பால் ஒட்டியிருக்கும். தூக்கத்துக்காக விதையை ஊறவைத்துக் குடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. எவ்வளவு மார்ஃபின் இறங்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. அப்படிக் குடித்து மூச்சு நின்று இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் தூக்கத்துக்கு எந்த பாப்பி?

கலிபோர்னியா பாப்பி. ஆரஞ்சு நிறம், மெல்லிய கிளைத்த இலை, மாலையில் இதழை மூடிக்கொள்ளும். இதிலும் மார்ஃபின் இல்லை. அமெரிக்கப் பழங்குடிகள் இதன் வேரைப் பல்வலிக்கு வைத்தார்கள். லேசான மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் இது நெடுநாளாகப் பயன்பட்டு வருவதை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றிருக்கிறது. அந்த ஏற்பு மரபு வழக்கத்தை வைத்துத்தான், பெரிய சோதனைகளை வைத்து அல்ல. தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் தொட வேண்டாம். இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். வளர்ப்பது சுலபம்: வெயில், வடிகால் உள்ள, சத்துக் குறைந்த மண், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.

ஓரியண்டல் பாப்பி பூத்து முடிந்ததும் மொத்தமாகக் காய்ந்துவிட்டது. செத்துவிட்டதா?

இல்லை. பல்லாண்டுச் செடி, கோடையில் உறங்கும். தோண்டாமல் விடுங்கள், சூடு தணிந்ததும் துளிர்க்கும்.

வேலி ஓரத்தில் தானாக முளைத்த மஞ்சள் பூ முள்செடியும் பாப்பிதான் என்கிறார்கள். விதை கடுகு மாதிரியே இருக்கிறது. பயன்படுத்தலாமா?

அது பிரமதண்டு, பாப்பிக் குடும்பம்தான். இலை நரம்பு வெளுத்திருக்கும், ஒடித்தால் மஞ்சள் பால் வரும். அந்தப் பாலை மேற்பூச்சாகத் தோல் நோய்களுக்குத் தடவும் வழக்கம் பழையது. உள்ளுக்கு எடுக்கவே கூடாது, விதையைத் தொடவே வேண்டாம். அதன் எண்ணெயில் உள்ள சாங்குவினரின் என்ற நச்சு ரத்த நாளங்களைக் கெடுக்கும். கால் வீங்கி, இதயம் வரை பாதிக்கும். 1998-இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் இது கலந்து பலர் உயிரிழந்தார்கள். கடுகு விளைகிற நிலத்தில் கண்டால் பூக்கும் முன்பே, கையுறை போட்டு, வேரோடு எடுத்துவிடுங்கள்.