காத்தான்குடியை ஏன் நோண்டுறீங்க?

கேள்வி: உள்நாட்டுப் போர்னா கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் அடிபடத்தான் செய்யும். சிரியாவுல அடிபடலையா? 1990-ல இலங்கையில நடந்த காத்தான்குடி பள்ளிவாசல் படுகொலையை மட்டும் இன்னும் எதுக்கு நோண்டுறீங்க, தமிழர்களும்தானே செத்தாங்க?

பதில்: அடிபடுறது வேற, தேடிப்போய் அடிக்கிறது வேற சார். சிரியாவுல அலெப்போ உமய்யா மசூதி மினாரா 2013 ஏப்ரல்ல விழுந்துச்சே, அங்க ரெண்டு தரப்பும் மசூதியைச் சுத்தியே சண்டை போட்டுக்கிட்டு இருந்தாங்க, விழுந்ததும் நீதான் நீதான்னு கை காட்டினாங்க. அதை வேணா உங்க 'அடிபடும்' கணக்குல எழுதிக்கோங்க.

காத்தான்குடி அப்படியா? 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை ராத்திரி, இஷா தொழுகை நேரம். மீரா ஜும்மா பள்ளி, ஹுசைனியா பள்ளி, ரெண்டுலயும் புகுந்து சுட்டாங்க. தொழுகைன்னா எல்லாரும் கிப்லாவை, அதாவது மக்கா திசையைப் பார்த்து வரிசையா நிப்பாங்க, சுஜூதுக்குப் போனா நெத்தி தரையில இருக்கும், பின்னாடி யாரு வந்தாலும் திரும்ப மாட்டாங்க, கொல்ல வர்றவனுக்கு இதைவிட தோதான நேரம் வேற எது, எப்போ கூடுவாங்க எந்தப் பக்கம் பார்த்து நிப்பாங்கன்னு ஊருக்கே தெரியுமே. 100 பேருக்கு மேல போனாங்க, சின்னப் பசங்களும் அதுல உண்டு. நாங்க இல்லன்னு புலிகள் மறுத்தாங்க, உயிர் தப்பினவங்க அவங்களைத்தான் சொல்றாங்க, நான் தப்பினவங்க சொல்றதைத்தான் நம்புறேன். மீரா பள்ளி சுவத்துல குண்டு துளைச்ச ஓட்டைகளைப் பூசாம அப்படியே விட்டிருக்காங்க, முடிஞ்சா ஒரு தடவை போய்ப் பாருங்க.

அதோட நின்னுச்சா? அடுத்த வாரமே ஏறாவூர், அங்கேயும் 100-க்கு மேல. அக்டோபர் கடைசியில புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைக் கூப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல கிளம்புங்கன்னுட்டாங்க, கையில கொஞ்சம் பணம் வச்சுக்கலாம், மிச்சமெல்லாம் வச்சுட்டுப் போகணும். வடக்கு முழுக்க 70,000 பேருக்கு மேல போனாங்க, நிறைய பேர் புத்தளத்துல ஓலைக் கொட்டகையில வருஷக்கணக்கா கிடந்தாங்க. நிக்காஹ் (கல்யாணம்), ஜனாஸா (இறுதிச் சடங்கு), ஊர்ப் பஞ்சாயத்து, பசங்களுக்கு ஓதிக் கொடுக்குறதுன்னு எல்லாமே பள்ளியைச் சுத்தித்தான் ஓடும், ஆளே இல்லாத ஊர்ல யாரு பாங்கு சொல்றது? அங்க கட்டடம் நின்னா என்ன விழுந்தா என்ன.

இப்போ உங்க கடைசிக் கேள்வி. தமிழர்களும் செத்தாங்க, யாரு இல்லைன்னா? அதே ஆகஸ்ட் 12-ல வீரமுனை பிள்ளையார் கோயில்ல தஞ்சம் புகுந்திருந்த தமிழ் ஜனங்களைக் கொன்னாங்க, முஸ்லிம் ஊர்காவல் படையினரைத்தான் ஊர்க்காரங்க சொல்றாங்க. 1995 ஜூலை 9-ல யாழ்ப்பாணத்து நவாலி சர்ச்சுல அடைக்கலம் இருந்தவங்க மேல இலங்கை விமானப்படை குண்டு போட்டுச்சு. இதையும் பேசுங்க, ஆகஸ்ட்ல ஒண்ணு ஜூலைல ஒண்ணுன்னு தேதி போட்டே பேசுங்க. ஆனா எனக்கு வர்ற லெட்டர்ல பாதி, காத்தான்குடின்னு எழுதினாதான் வீரமுனையை ஞாபகம் வச்சுக்குது, வீரமுனைன்னு எழுதினா இன்னொரு பாதி காத்தான்குடியோட வருது. பற்று வரவு எழுதி நேர் பண்றதுக்கா அந்த ஜனங்க செத்தாங்க?

2002-ல கிளிநொச்சி பிரஸ் மீட்ல புலிகளோட அரசியல் ஆலோசகர் பாலசிங்கம் வடக்கு வெளியேற்றத்துக்கு வருத்தம் சொன்னார், லேட்டுன்னாலும் சொன்னார். காத்தான்குடிக்கு அதுவும் கிடையாது. மாலி நாட்டு திம்புக்டுவுல கல்லறை மண்டபங்களை இடிச்ச ஆளுக்கு 2016-ல ஹேக்ல இருக்குற சர்வதேசக் குற்றவியல் கோர்ட் 9 வருஷம் போட்டுச்சு. இங்க தொழுதுகிட்டு இருந்த 100 பேரைக் கொன்னதுக்கு ஒருத்தனும் தண்டனை வாங்கல. தொறக்கவே தொறக்காத கேஸை மூடுன்னா எதை சார் மூடுறது?